சரந்தீப் உருக்கும் கடல் கடந்து வரும் வாளும்



துருக்கித் தொடர்நாடகங்கள் நம் வீடுகளுக்குள் வந்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு புதிய ஆசை முளைத்திருக்கிறது. "சேர், எர்துருல் வாள் ஒன்லைன்ல கிடைக்குது. ஓடர் பண்ணினா இங்க வருமா?" என்று தரம் 10, 11 பிள்ளைகள் கேட்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வரும் சில வாப்பாமாரும் வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒரு வாள் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

"வாங்காதே" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இதற்குள் நம் தீவும் சம்பந்தப்பட்ட ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயம். வாளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இன்றைய பழக்கம் அல்ல. நல்ல வாள் என்றாலே அது வேறு நாட்டிலிருந்து வர வேண்டும் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. அரபியில் "முஹன்னத்" என்றொரு சொல் உண்டு. ஹிந்திலிருந்து வந்த உருக்கில் செய்த வாள் என்பது அதன் பொருள். அரபுக் கவிஞர்கள் சிறந்த வாளைக் குறிக்க அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ரசூலுல்லாஹ்வின் முன்னிலையில் பாடப்பட்ட கஅப் இப்னு ஸுஹைரின் கஸீதாவிலும் அது வருகிறது. இன்றும் அரபு நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்கு முஹன்னத் என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயருக்குள் இருப்பது ஓர் இறக்குமதிப் பொருளின் புகழ்.

அடுத்தது 9ஆம் நூற்றாண்டு பக்தாத். அல்கிந்தியை நாம் மெய்யியலாளராக, கணித அறிஞராக அறிவோம். அவர் வாள்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அப்பாஸிய கலீபாவின் வேண்டுகோளுக்காக எழுதப்பட்ட அந்த நூல், வாள்களை அவற்றின் உருக்கையும் அவை அடிக்கப்பட்ட ஊரையும் வைத்து வகை பிரிக்கிறது. யெமன் வாள், ஹிந்து வாள், ஐரோப்பிய பிராங்குகளின் வாள் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும்: சரந்தீப்.

ஆம், நம் தீவுதான். அங்கே அது வெறும் ஊர்ப் பெயராக நிற்கவில்லை. சரந்தீப் உருக்கு என்பது ஒரு தரத்தின் பெயராகவே இருக்கிறது. அந்த உருக்கு கப்பலேறிப் போய் வேறு நாடுகளின் பட்டறைகளிலும் வாளாக அடிக்கப்பட்டது. இன்று துணிக்கடையில் "இது ஜப்பான் துணி" என்று சொல்லி விற்பதைப் போல, அன்றைய சந்தையில் சரந்தீப் என்ற பெயருக்கு மதிப்பு இருந்தது.

இது வெறும் எழுத்துச் சான்று என்று யாராவது சொன்னால் அவர்களைப் பலாங்கொடைப் பக்கம் அனுப்புங்கள். சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் தொல்லியல் ஆய்வு நடந்தது. மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளின் விளிம்பில் பழைய இரும்பு உருக்கும் உலைகள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் அவற்றை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அந்த உலைகள் இயங்கியிருக்கின்றன.

அதில் பெரிய விசேடம், அவை துருத்தி ஊதி எரித்த உலைகள் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மலைவிளிம்பில் மோதி ஏறும்போது, உலையின் முன்சுவருக்கு மேலால் வேகமாகப் போகும். அந்த வேகமே கீழேயுள்ள களிமண் குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றே துருத்தி. அப்படியொரு உலை இயங்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஜூலெஃப் குழுவினர் அதே இடத்தில் அதே மாதிரி உலை கட்டி, அதே பருவக்காற்றில் எரித்துப் பார்த்தார்கள். காபன் கூடிய உருக்கே கிடைத்தது.

இரும்பை மூடிய மண் குகையில் வைத்துக் காய்ச்சி உருக்கு எடுக்கும் முறையும் பலாங்கொடைப் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தன் நூலில் அதை விவரித்திருக்கிறார். தென்னிந்தியாவிலும் இதே தொழில் இருந்தது. வெள்ளைக்காரன் "வூட்ஸ்" என்று எழுதியது தென்னிந்தியாவில் உருக்கைக் குறிக்கும் சொல்லின் சிதைந்த வடிவம்தான் என்று சொல்வார்கள்.

ஆக, பிள்ளைகள் துருக்கியிலிருந்து வாள் வரவழைக்க நினைக்கும் இந்த மண்ணிலிருந்து ஒரு காலத்தில் வாளுக்கான உருக்கு வெளியே போனது.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே கதை வேறு. பிராங்குகளின் நாட்டில், இன்றைய ஜேர்மனி, பிரான்ஸ் பகுதிகளில், நல்ல வாள்கள் செய்யப்பட்டன. அவற்றை வாங்க வடக்கே வைக்கிங்குகளும் கிழக்கே ஸ்லாவியரும் காத்திருந்தார்கள். விற்ற வாளே நாளை நம் கழுத்துக்கு வரும் என்று அரசர்கள் பயந்தார்கள். 805இல் பேரரசர் சார்லமேன், ஸ்லாவியருக்கும் அவார்களுக்கும் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்று வணிகர்களுக்குக் கட்டளையிட்டார். பிடிபட்டால் சரக்கு பறிமுதல். 864இல் அவருடைய பேரன் சார்ல்ஸ், வைக்கிங்குகளுக்கு ஆயுதமோ கவசமோ குதிரையோ கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டார்.

சட்டம் வாளைத் தடுத்ததா? இல்லை. 922இல் பக்தாத் கலீபாவின் தூதுக்குழுவோடு வோல்கா ஆற்றங்கரைக்குப் போன இப்னு பழ்லான், அங்கே கண்ட ரூஸ் வணிகர்கள் ஒவ்வொருவரிடமும் பிராங்கு பாணி வாள் இருந்ததாக எழுதுகிறார். தடை போட்ட பிறகும் வாள் ஆறு ஆறாகக் கடந்து போயிருக்கிறது.

இங்கேதான் நம் தலைப்புக்கு மிக நெருக்கமான ஒரு விடயம் வருகிறது. அந்தக் காலத்து வாள்களில் ஒரு வகை உண்டு. அலகில் இரும்புக் கம்பியால் "உல்ஃப்பெர்ட்" என்ற பெயர் பதிக்கப்பட்டிருக்கும். இப்படி ஏறத்தாழ 170 வாள்கள் ஐரோப்பா எங்கும், அதிலும் ஸ்கன்டினேவியாவில், கிடைத்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்பதால் இது ஒரே மனிதனின் கைவேலையாக இருக்க முடியாது. அது ஒரு பட்டறையின், அல்லது ஒரு தரத்தின் பெயராகிவிட்டது. இன்றைய பாஷையில் பிராண்ட்.

பிராண்ட் வந்தால் போலியும் வருமல்லவா? உலோகவியல் ஆய்வாளர் அலன் வில்லியம்ஸ் இந்த வாள்கள் சிலவற்றின் உருக்கைச் சோதித்தார். சிலவற்றில் காபன் கூடிய அருமையான உருக்கு. வேறு சிலவற்றில் சாதாரண இரும்பு, அல்லது தரம் குறைந்த உருக்கு. தரம் குறைந்தவற்றில் பலவற்றிலே பெயரின் எழுத்தோ, அதில் வரும் சிலுவைக் குறியின் இடமோ பிழைத்திருந்தது. வாசிக்கத் தெரியாத கொல்லன் பார்த்து எழுதியது போல. நல்ல வாள்களின் உருக்கு கிழக்கிலிருந்து, முஸ்லிம் வணிகப் பாதை வழியாக வந்திருக்கலாம் என்பது வில்லியம்ஸின் கருத்து. எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை. ஆனால் போலி விடயத்தில் ஐயமில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவன் தன் உயிரை நம்பி வாங்கிய வாள், பெயர் மட்டும் ஒட்டிய நகலாக இருந்திருக்கிறது. அவன் அதை அறிந்த இடம் போர்க்களமாக இருந்திருக்கும்.

இன்று அந்த உல்ஃப்பெர்ட் வாளின் நகலும் ஒன்லைனில் விற்பனைக்கு உண்டு!

வாள் யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அழகுக்கான நகல்கள் வந்தன. 1819இல் வோல்டர் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ' நாவல் வெளிவந்து, பிரித்தானியப் பணக்காரர்களுக்கு மத்தியகால வீரர்கள் மீது ஒரு மோகம் பிடித்தது. 1839இல் எக்ளின்டன் பிரபு என்பவர் ஸ்கொட்லாந்தில் தன் மாளிகையில் பழைய பாணிக் குதிரைப் போட்டி ஒன்றை நடத்தினார். கவசங்களை ஏற்பாடு செய்தவர் லண்டன் வியாபாரி சாமுவேல் பிராட். பெருந்திரளான மக்கள் வந்த நாளில் அடைமழை கொட்டியது. இரும்புக் கவசம் போட்ட வீரர்கள் குடை பிடித்தார்கள். அதே பிராட், போலிக் கவசங்களைப் பழையவை என்று விற்றவர் என்றும் பெயரெடுத்தவர். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ம்யூனிக் நகரில் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டின் பட்டறை அருமையான நகல்களைச் செய்தது. அவர் நகல் என்றுதான் விற்றார். பிறகு கைமாறியபோது சில, உண்மையான பழைய பொருளாகவே விலைபோயின.

அன்று நாவல், இன்று தொடர்நாடகம். ஆசை அதே ஆசைதான்.

இன்றைய நிலைமை இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் "ஐரோப்பிய மத்தியகால" வாள்களில் பல, இந்தியாவின் டெஹ்ராடூனில் செய்யப்படுபவை. 1943இல், உலக யுத்தக் காலத்தில், கூர்க்காப் படைக்குக் குக்ரிக் கத்தி செய்யத் தொடங்கிய வின்ட்லாஸ் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பெயினின் டொலேடோவிலும் சீனாவின் லொங்குவானிலும் இதே தொழில் உண்டு. ஒரு காலத்தில் கிழக்கின் உருக்கு மேற்கே போய் வாளானது. இப்போது மேற்கின் வாளே கிழக்கில் செய்யப்பட்டுப் போகிறது.

சரி, காசு கொடுத்தால் என்ன கிடைக்கும்? மலிவானவை பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கில் செய்த சுவர் அலங்காரங்கள். பார்க்கப் பளபளக்கும். ஆனால் அந்த நீளத்துக்கு அது பொருந்தாது, ஓங்கி அடித்தால் உடையலாம். பிடிக்குள் போகும் அலகின் வால் மெல்லிய கம்பியாக ஒட்டப்பட்டிருக்கும். வீசும்போது அது கழன்று பறந்து பக்கத்தில் நிற்பவர் மேல் போய் விழும். விளையாட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை நினைத்துப் பாருங்கள். எடையிலும் ஏமாற்று உண்டு. உண்மையான மத்தியகால ஒற்றைக் கை வாள் ஏறத்தாழ 1.1 முதல் 1.3 கிலோகிராம்தான். கனமான வாளே வீரனின் வாள் என்பது சினிமாவின் கதை. நகல்களில் பல அதைவிடக் கனமானவை.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தில் மலிவான சாமுராய் நகல்களால் குற்றங்கள் நடந்ததால், 50 சென்டிமீற்றரும் அதற்கு மேலும் நீளமான வளைந்த வாள்களின் விற்பனையும் இறக்குமதியும் 2008 ஏப்ரலில் தடை செய்யப்பட்டன. பாரம்பரிய முறையில் கையால் செய்தவற்றுக்கும் வரலாற்று நிகழ்த்துகைகளுக்கும் விலக்கு உண்டு. கவனியுங்கள், நம் பிள்ளைகள் கேட்கும் துருக்கி வாளும் வளைந்த வாள்தான். விற்பவன் "உலகம் முழுதும் அனுப்புவோம்" என்று எழுதியிருப்பான். அனுப்புவது அவன் பாடு. இங்கே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்தோடு அதைப் பெற்றுக்கொள்வது உங்கள் பாடு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தக் கொடுமையைச் செய்தவர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நாம் எல்லோரும் சொன்னோம். ஆனால் அடுத்த வாரங்களில் தேடுதல்களில் பள்ளிவாசல்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வாள்கள் எடுக்கப்பட்ட செய்தி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. வாள், பெரிய கத்திகளைப் பொலிஸில் ஒப்படைக்கும்படி அறிவித்தல் வந்தது. திரையில் பார்த்த அயலவருக்கு எது மிம்பர் வாள், எது றிபாயி றாத்திபின் கருவி, எது அலங்காரம், எது ஆயுதம் என்று பிரித்துப் பார்க்க வழியிருக்கவில்லை. அவர்கள் கண்டது மேசையில் அடுக்கிய வாள்களை மட்டும்தான். அந்தப் படம் அவர்கள் மனதில் இன்னும் அழியவில்லை.

ஆகவே சுவரில் தொங்கும் நகல் வாள், வாங்கிய பிள்ளைக்கு நாடக நினைவு. வீட்டுக்கு வரும் அயலவருக்கு அது வேறொன்று. ஏதாவது அசம்பாவிதம் நடந்த நாளில் கதவு தட்டப்பட்டால், "இது அலங்காரம்" என்று விளக்குவது அந்தப் பிள்ளையல்ல, அவனுடைய உம்மா. இதை வெட்கப்பட்டோ பயந்தோ சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

என் பதில் இதுதான். சுவருக்காக வாங்க வேண்டாம். பாடசாலை நாடகத்துக்கு வேண்டுமானால் மரத்திலும் கட்டிக் காகிதத்திலும் செய்யுங்கள். நம் தச்சர்கள் அழகாகச் செய்து தருவார்கள். உண்மையான தேவை இருந்தால், காசு அனுப்புவதற்கு முன்பே சுங்கத்திடமும் பொலிஸிடமும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவனின் பேச்சையோ வட்ஸ்அப் தகவலையோ நம்பி ஓடர் போட வேண்டாம்.

பெருமைப்பட ஏதாவது வேண்டும் என்றால் அதற்குப் பஞ்சமில்லை. வாளுக்குக் கொடுக்கும் காசில் பாதியிலேயே ஒரு வகுப்புப் பிள்ளைகளைப் பலாங்கொடைக்குக் கூட்டிப்போய், காற்றால் உலை எரிந்த அந்த மலைச்சரிவைக் காட்டலாம். அந்த உருக்கை எடுத்தவர்கள் இந்த மண்ணின் தொழிலாளர்கள். அதன் தரத்தை எழுதிவைத்தவர் பக்தாத்தின் அறிஞர். இரண்டையும் இணைத்தது கடல் வணிகம். இந்தக் கதையைச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் போய்க் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய பள்ளிகளில் கதீப் ஊன்றி நின்ற அஸா, மர வாள், தலைமுறையாக வந்த இரும்புச் சாமான் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2019க்குப் பிறகு பயத்தில் பல பொருட்கள் இல்லாமல் போய்விட்டன. பொருள் போனாலும் அதன் கதை போகக் கூடாது. யார் செய்தது, எந்தக் காலம், எதற்குப் பயன்பட்டது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். விரும்பினால் கீழே பதிவிடுங்கள், தொகுத்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.