வெறுங்காணி என்று எதுவுமில்லை

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் புதிய கைத்தொழில் பேட்டைக்கோ உல்லாசப் பயண வலயத்திற்கோ காணி தேடுவோர் முதலில் விரித்துப் பார்ப்பது அரச காணிகளின் வரைபடத்தையே. அதில் ஆளில்லாத மணற்பரப்பாகத் தெரியும் இடம் உண்மையிலேயே ஆளில்லாததுதானா என்ற கேள்வி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பழையது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பும் பயிரும் அற்ற நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை பிரித்தானிய முடிக்கே உரியவை என்று அனுமானித்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேவைப்பட்ட காலம் அது. நிரூபிக்கும் பொறுப்பு உறுதி இல்லாத கிராமத்தவர் தலையில் விழுந்தது. மலைநாட்டுக் காடுகளுக்குப் பொருந்திய அதே நோக்கு கரையோர மணலுக்கும் பொருந்திற்று.

ஆனால் இக்கரை எக்காலத்திலும் வெறுமையாக இருக்கவில்லை. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினர். அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களைத் தொகுத்து 1834இல் ஓர் அகராதியே வெளியிட்டார்.

கரைவலை மீனவருக்குக் கடல் மட்டும் போதாது. வலை இழுக்கவும், கருவாடு காயவைக்கவும், வாடி அமைக்கவும் திறந்த கரை வேண்டும். அந்தப் பாட்டு உரிமை வழக்காற்றில் வாழ்வது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது பலர் கிழக்குக் கரைக்குச் சென்றுவிடுவர். அந்த மாதங்களில் அளக்க வரும் உத்தியோகத்தர் கண்ணுக்குக் கரை வெறுமையாகவே தெரியும்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். ஏற்கெனவே நெருக்கடியான காணியில் மேலும் ஒரு வாழ்வுரிமை சேர்ந்தது.

இப்பின்னணியில்தான் பெருந்திட்டங்கள் வந்தன. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் மின்சாரம் தரத் தொடங்கியது. மூன்று அலகுகளும் 2014இல் நிறைவுற்று 900 மெகாவாற் திறனை எட்டின. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டத்தை மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. அதன் பெரும்பகுதி நிறைவேறவில்லை.

சிலாபத்தை அடுத்த இரணவிலவின் கதை வேறு விதமான பாடம். அங்கே சுமார் 400 ஏக்கர் காணி அமெரிக்கக் குரல் வானொலியின் அஞ்சல் நிலையத்திற்கு வழங்கப்பட்டபோது, 1990களில் மீனவரும் கத்தோலிக்க மக்களும் கடுமையாக எதிர்த்தனர். நிலையம் எழுந்தது. சிற்றலை ஒலிபரப்பின் தேவை குறைந்த பின்னர் 2016இல் மூடப்பட்டது. எவ்வளவோ போராட்டத்துடன் பெறப்பட்ட காணி, இருபதாண்டு அளவிலேயே தேவையற்றதாகிவிட்டது. 2020இல் அங்கே கொரோனா நோயாளருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

சிலாபத்திலிருந்து புத்தளம் வரையுள்ள களப்போரங்களில் கண்டல் மரங்களை வெட்டி அமைத்த இறால் பண்ணைகளுக்கும் இதே கதிதான். 1996இல் பரவிய வெண்புள்ளி நோய்க்குப் பின் பல குளங்கள் கைவிடப்பட்டன.

கைத்தொழில் வேண்டாம் என்பதல்ல எமது வாதம். இம்மாவட்ட இளைஞருக்கு வேலை வேண்டும். அதற்குக் காணியும் வேண்டும். ஆனால் எடுத்த காணியை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டே எடுக்காத காணியில் கைவைக்க வேண்டும். கைவிடப்பட்ட இறால் குளம் அனைத்தும் கட்டடத்திற்கு உகந்தவை அல்ல. களப்பை ஒட்டியவை கண்டலுக்கே திரும்ப வேண்டும். மேட்டில் உள்ளவற்றை ஆராயலாம்.

அப்படியும் புதிய காணி தேவையெனில், அளவைச் சங்கிலி நீட்டுமுன் ஊராரை அழைத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த மணலை, ஆண்டின் எந்த மாதத்தில், யார் பயன்படுத்துகிறார்கள்? 1840இன் சட்டம் கேட்க மறந்த கேள்வி அது.