தோர்ணக்கல் பேராயர் அசரியா: துணிவும் திருமறைக் கீழ்ப்படிதலும்

தமிழ்த் திருமறையில் திருச்சபைத் தலைவரைக் குறிக்கப் பயிலும் சொற்களுள் ஒன்று ‘கண்காணி’ என்பதாகும். பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்திலும், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலும் இச்சொல்லாட்சியைக் காணலாம். ‘எபிஸ்கொப்பொஸ்’ என்னும் கிரேக்கச் சொல் மேற்பார்வையாளர் எனப் பொருள்படுவதால் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்க்குக் கண்காணி என்பவன் ஆள் சேர்ப்பவனும் வேலை வாங்குபவனும் ஆவான். அத்தியட்சர், பேராயர் என்னும் வழக்குகள் சபைக்குள் நிலைபெற்றமையால் இவ்விரு பொருளும் சொல்லளவில் மோதிக்கொள்ளவில்லை. வாழ்வில் அம்மோதல் நேர்ந்தது. மிஷன் நிலையங்களில் ஊதியம் வழங்கிய ஐரோப்பியர்க்கும் அதனைப் பெற்ற இந்திய ஊழியர்க்கும் இடையிலான உறவு பெரும்பாலும் முதலாளி, பணியாள் உறவாகவே அமைந்திருந்தது. அச்சூழலில் தலைமைக்கு அழைக்கப்பட்ட ஒரு தமிழர் தமக்குரிய துணிவை எங்கிருந்து பெற்றார் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார், பட்டம் பெறவில்லை. 1895இல் கிறித்தவ வாலிபர் சங்கச் செயலாளரானார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் பொருளைக் கொண்டே பிற இடங்களில் நற்செய்திப் பணி நடத்துவதைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும், 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் தோன்றின. இரண்டிலும் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. பிறரை அனுப்பியவர் 1909இல் தாமே புறப்பட்டார். குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லில் குடியேறித் தெலுங்கு கற்றார். நாடறிந்த பதவியை விட்டுச் சிற்றூர்ப் பணிக்குச் சென்ற இம்முடிவு, பின்னர் வந்த பேராயர் பட்டத்தைக் காட்டிலும் கடினமானது எனலாம். பட்டத்திற்கு அவரை முன்மொழியப் பிறர் இருந்தனர். இதற்கு எவரும் இலர்.

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஏறத்தாழ 1200 பேராளர் கலந்துகொண்டனர். அவர்களுள் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு. வெளிநாட்டு ஊழியர்க்கும் உள்நாட்டு ஊழியர்க்கும் இடையிலான ஒத்துழைப்புப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட அசரியா, அவ்வுறவில் நட்பு அருகியிருப்பதை அவையிலேயே எடுத்துரைத்தார். உரையின் முடிவில், வருங்கால இந்தியத் திருச்சபை மிஷனரிமாரின் தியாகத்தை நன்றியுடன் நினைவுகூரும் என்று கூறி, அன்பைக் கேட்டார்; நண்பர்களைத் தருமாறு வேண்டினார். அவையினர் பலருக்கு அது மனக்கசப்பை விளைவித்தது.

இம்முடிவுப் பகுதியின் சொல்லமைப்பு தமிழாய்வாளரின் கவனத்திற்குரியது. அதன் அடித்தளம் கொரிந்தியர்க்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம். அங்கே பவுல் தன்மையிடத்தில் நின்று, உடைமையை ஏழைகட்கு ஈந்தாலும் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பில்லையேல் பயனில்லை என்கிறார். அசரியாவோ ஈகையையும் உடலிழப்பையும் முன்னிலைக்கு மாற்றி, அவற்றை அவையோரின் செயல்களாகவே பாராட்டினார். ‘பயனில்லை’ என்னும் தீர்ப்பை மட்டும் சொல்லாது விட்டார். திருமறையை மனப்பாடமாக அறிந்த அவை அதனைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளிப்படச் சொல்லாது குறிப்பாற் பொருள் உணர்த்தும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆயின் இங்கே குறிப்பின் ஆற்றல் பேச்சாளரின் புலமையால் மட்டும் வந்ததன்று. இருசாராரும் கீழ்ப்படிய ஒப்பிய நூல் ஒன்று நடுவே இருந்தது. அந்நூலைக் கொண்டுவந்தவர்களை அந்நூலாலேயே அளந்தார் அவர். பணிவும் துணிவும் அவரிடத்தில் இருவேறு பண்புகளாக இயங்கவில்லை.

அவரைப் பேராயராக்கும் முயற்சியைச் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் முன்னின்று நடத்தினார். இந்தியர் ஒருவர் ஐரோப்பியக் குருமாரின் மீது அதிகாரம் செலுத்துவதா என்ற வினா எழுந்தது. எதிர்ப்பு ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வரவில்லை. இந்தியக் கிறித்தவருள்ளும் தயக்கம் இருந்தது. நாடார் குலத்தில் பிறந்த ஒருவரின் தலைமையைச் சாதி உணர்வு எளிதில் ஏற்கவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில் அவர் அருட்பொழிவு பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஆங்கிலேயர் ஒருவரின் ஆதரவின்றி இது நிகழ்ந்திராது என்பதையும் உடன் கருதல் வேண்டும்.

தோர்ணக்கல் சபையினருள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர். திருமுழுக்குப் பெறுவோர் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தியை அறிவியாவிடில் தமக்குக் கேடு வரும் என்னும் பவுலின் கூற்றைச் சொல்லும் வழக்கத்தை அசரியா ஏற்படுத்தினார். அருட்பொழிவில் பேராயரின் கை பிறர் தலைமேல் வைக்கப்படும். இங்கோ எழுத்தறியாத உழவுத் தொழிலாளியின் கையே அப்பணியைச் செய்தது. பேதுருவின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம், கண்காணிப்புச் செய்வோர் மந்தையை இறுமாப்பாய் ஆளலாகாது என விதிக்கிறது. அவ்விதியைச் சடங்காக மாற்றிய செயல் என இதனைக் கொள்ளலாம்.

1930களில் காந்தியடிகள் ஒடுக்கப்பட்டோரின் கூட்டான மதமாற்றத்தைக் கண்டித்தார். அசரியா அறிவிப்புப் பணியைத் திருமறைக் கட்டளையாகக் கருதியதால் அதனைக் கைவிடவில்லை. அதேவேளை, கிறித்தவர்க்கெனத் தனி வாக்காளர் தொகுதி வகுத்த 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பையும் எதிர்த்தார். அது சபையை அரசியல் குழுவாக்கிவிடும் என்பது அவர் கருத்து. தம் மக்களுக்குக் கிட்டக்கூடிய இடங்களை வேண்டாம் என்பது எந்தத் தலைவருக்கும் எளிதன்று. இம்முடிவால் சபையின் ஏழை மக்கள் எதனை இழந்தனர் என்ற கேள்வியும் ஆய்வுக்குரியதே.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர், இருவர் நீங்கலாக அனைவரும் இந்தியர், சபைகளின் ஒருமைப்பாட்டிற்கான அறிக்கையை வெளியிட்டனர். அக்கூட்டத்தின் முன்னோடிகளுள் அசரியாவும் ஒருவர். ஒன்றாயிருக்க வேண்டும் என்னும் கிறிஸ்துவின் வேண்டுதலைக் கட்டளையாகவே கொண்டு, பேச்சுவார்த்தைகளில் இறுதிவரை ஈடுபட்டார். 1945 ஜனவரி 1 அன்று அவர் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவாயிற்று.