26 சதவீதம்: ஒரே நாளில் பயமாக மாறிய ஹார்மோன் மாத்திரை

2002 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. வாஷிங்டன்ல விஞ்ஞானிகள் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடத்துறாங்க. 8.5 வருஷம் நடக்க வேண்டிய ஒரு மருந்து ஆய்வை, சராசரியா 5.2 வருஷத்துலயே நிறுத்திட்டோம்னு சொல்றாங்க. காரணம்: மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம். மாரடைப்பு 29 சதவீதம் அதிகம். பக்கவாதம் 41 சதவீதம் அதிகம். அன்னைக்கு ராத்திரி டிவி பார்த்த எத்தனையோ பேர் மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைத்தொட்டியில போட்டாங்க. அமெரிக்காவுல வருஷத்துக்கு சுமார் 9 கோடி சீட்டு எழுதப்பட்டுக்கிட்டிருந்த மருந்து அது. அடுத்த வருஷமே 5.7 கோடியா இறங்கிடுச்சு.

அந்த எண்கள் பொய்யான்னு கேட்டா, இல்லை, எல்லாமே சரியான கணக்குதான். ஆனா அதைக் கேட்டவங்க புரிஞ்சுக்கிட்டது வேற. இந்த எபிசோடு அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதல்ல மெனோபாஸ்னா என்னன்னு ரெண்டு வரி. நாப்பதுகளின் பின்பாதியிலோ ஐம்பதுகளின் தொடக்கத்திலோ சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதைக் கிட்டத்தட்ட நிறுத்திடும். மாதவிலக்கு நின்னுடும். சிலருக்கு அது அமைதியா நடந்துடும். சிலருக்கு நடு ராத்திரி உடம்பெல்லாம் தீயா எரிஞ்சு, வேர்த்து, புடவை நனைஞ்சு எழுந்துக்கணும். தூக்கம் போகும், எலும்பு பலவீனமாகும். நம்ம வீடுகள்ல இதுக்குப் பேரே கிடையாது. "அம்மாவுக்கு இப்பல்லாம் சட்டுனு கோவம் வருது"ன்னு சொல்லிட்டு நாம வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

குறைஞ்சுபோன ஹார்மோனை வெளியில இருந்து கொடுத்தா என்னங்கிற யோசனை முதல்ல ஆண்கள்கிட்டதான் ஆரம்பிச்சது. 1889 ஜூன் 1, பாரிஸ். பிரவுன்-செக்கார்ட்னு 72 வயசு உடலியல் பேராசிரியர். நாய், கினிப் பன்றி இவற்றின் விதைகளை அரைச்சு, வடிகட்டி, தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டார். மாடிப்படி ஏற முடியுது, மலச்சிக்கல் போயிடுச்சு, இளமை திரும்பிடுச்சுன்னு அறிஞர்கள் சபையில எழுந்து அறிவிச்சார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணியில லேசுல கரையாது. அவர் போட்டுக்கிட்ட திரவத்துல அது இருந்திருந்தாலும் பயன் தர முடியாத அளவுதான் இருந்திருக்கும். முழுக்க முழுக்க நம்பிக்கையோட வேலை. ஆனா அந்த நம்பிக்கை ஒரு துறையையே தொடங்கி வெச்சுது. 1920-கள்ல வோரோனாஃப்ங்கிற மருத்துவர் குரங்கின் விதைத் துண்டுகளைப் பணக்கார ஆண்களுக்கு ஒட்டுப்போட்டுக்கிட்டிருந்தார். அதைப் பற்றியே தனி எபிசோடு பண்ணலாம், இங்க வேண்டாம்.

உண்மையான வேதியியல் 1929-ல தொடங்குது. அமெரிக்காவுல டாய்சி, ஜெர்மனியில புட்டனான்ட், ரெண்டு பேரும் தனித்தனியா ஈஸ்ட்ரோன்ங்கிற பெண் ஹார்மோனைப் பிரிச்செடுத்தாங்க, கர்ப்பிணிகளின் சிறுநீர்ல இருந்து. 1935-ல ஆம்ஸ்டர்டாம்ல லாக்கர் குழு சுமார் 100 கிலோ காளை விதைகள்ல இருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தது. 100 கிலோவுக்கு 10 மில்லிகிராம்! இப்படி எடுத்தா மருந்துக்கடையில எப்படி விற்கிறது?

பெண் ஹார்மோனுக்கு ஒரு வழி கிடைச்சது: சினைக் குதிரை. அதோட சிறுநீர்ல ஈஸ்ட்ரோஜன் கொட்டிக் கிடக்குது. கனடாவின் மான்ட்ரியல்ல இருந்த ஐயர்ஸ்ட் கம்பெனி அதை மாத்திரையாக்கியது. பேர் பிரெமரின். கர்ப்பிணி, பெண் குதிரை, சிறுநீர் ஆகிய ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டின பேருதான் அது. இவ்வளவு நேர்மையா ஒரு மருந்துக்குப் பேர் வெச்சு நான் பார்த்ததில்லை. 1942-ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்தது. உடம்பு எரிச்சலுக்கு நல்லாவே வேலை செஞ்சது. அதுல அன்னைக்கும் இன்னைக்கும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிரச்சினை, எரிச்சலுக்கான மருந்தை இளமைக்கான மருந்தா விற்க ஆரம்பிச்சப்போ வந்தது. 1966-ல நியூயார்க் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன் 'ஃபெமினைன் ஃபாரெவர்'னு ஒரு புத்தகம் போட்டார். மெனோபாஸ் இயற்கை இல்லை, அது ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை போடாத பெண் தன் பெண்மையையே இழந்துடுவாள்ங்கிற தொனி. இன்னைக்குப் படிச்சா கடுப்பாகும். ஏழே மாசத்துல ஒரு லட்சம் பிரதி வித்தது. அவரோட அறக்கட்டளைக்கு மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுத்த விஷயம் பின்னாடிதான் பெருசா வெளியே வந்தது.

1975 டிசம்பர்ல முதல் அடி. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கிட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம்னு ஒரே இதழ்ல ரெண்டு ஆய்வு. ஒண்ணு 4.5 மடங்குன்னது, இன்னொண்ணு 7.6. காரணமும் புரிஞ்சது: ஈஸ்ட்ரோஜன் அந்த உட்சுவரை வளர்த்துக்கிட்டே போகும், தடுக்க ஆளில்லை. தீர்வும் கிடைச்சது: கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்குக் கூடவே புரோஜெஸ்டின்னு இன்னொரு ஹார்மோன். அது வளர்ச்சிக்கு பிரேக் போடும். விற்பனை விழுந்து, மறுபடி எழுந்தது.

இப்ப நான் ரொம்ப நேரம் நிற்கப்போற இடம். 1980-கள்ல ஆயிரக்கணக்கான செவிலியரை வருஷக்கணக்கா பின்தொடர்ந்த ஆய்வுகள்ல ஒரு விஷயம் தெரிஞ்சது: ஹார்மோன் எடுத்துக்கிற பெண்களுக்கு இதய நோய் கம்மி. சும்மா கம்மி இல்லை, கிட்டத்தட்ட பாதி. மெனோபாஸுக்கு அப்புறம்தான் பெண்களுக்கு மாரடைப்பு கூடுதுங்கிறதும் இதோட பொருந்திப் போச்சு. அதனால எரிச்சல் இல்லாத பெண்களுக்கும், இதயத்தைக் காப்பாத்த, அறுபது எழுபது வயசுலயும் மருத்துவர்கள் எழுத ஆரம்பிச்சாங்க. 1990-களின் தொடக்கத்துல பிரெமரின் அமெரிக்காவுல அதிகமா எழுதப்படுற மருந்து.

என்னை மாதிரி சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இங்க மூளையில மணி அடிக்கணும். ஒரு புது வசதியை, விருப்பப்பட்டவங்க மட்டும் ஆன் பண்ணிக்கிறாங்க. அவங்கதான் ஆப்பை அதிகமா பயன்படுத்துறாங்க. அந்த வசதியாலதான் பயன்பாடு கூடுச்சுன்னு சொல்ல முடியுமா? ஆர்வமா இருக்கிறவங்கதான் அதை ஆன் பண்ணியிருப்பாங்க! அதே மாதிரி, ஹார்மோன் எடுத்துக்கிட்ட பெண்கள் ஓரளவு வசதியானவங்க, படிச்சவங்க, மருத்துவரை ஒழுங்கா பார்க்கிறவங்க. மருந்து இல்லாமலே அவங்க இதயம் நல்லா இருந்திருக்கலாம். இதைத் தீர்க்க ஒரே வழி, யாருக்கு மருந்து, யாருக்கு பிளாசிபோ, அதாவது வெறும் மாத்திரைங்கிறதைச் சீட்டுக் குலுக்கி முடிவு பண்றது.

இன்னொரு வேடிக்கை. இதே குதிரை ஈஸ்ட்ரோஜனை 1960-கள்லயே, மாரடைப்பு வந்த ஆண்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ரத்தக்கட்டும் மாரடைப்பும் கூடினதால நிறுத்திட்டாங்க. அந்த எச்சரிக்கை பெண்கள் விஷயத்துல யார் காதுலயும் ஏறலை.

1991-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல்முறையா ஒரு பெண் இயக்குநர், பெர்னடைன் ஹீலி. அவர் தொடங்கி வெச்சதுதான் பெண்கள் சுகாதார முன்முயற்சி. எல்லாக் கிளை ஆய்வுகளையும் சேர்த்து 1,61,808 பெண்கள். அதுல 16,608 பேர் இந்த இரட்டை ஹார்மோன் ஆய்வுல. 2002-ல நின்னுபோனது இதுதான்.

இப்ப அந்த 26 சதவீதத்தைப் பிரிச்சுப் பார்ப்போம். வெறும் மாத்திரை சாப்பிட்ட 10,000 பேர்ல, ஒரு வருஷத்துல 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஹார்மோன் சாப்பிட்ட 10,000 பேர்ல 38 பேருக்கு. 30-ல இருந்து 38, அதுதான் 26 சதவீதம். வித்தியாசம் 10,000-க்கு 8 பேர். டிவியில 26-ஐக் கேட்டவங்க, நூறு பேர்ல இருபத்தாறு பேருக்குப் புற்றுநோய்னு எடுத்துக்கிட்டாங்க. அதே அறிக்கையில இடுப்பெலும்பு முறிவு 10,000-க்கு 5 குறைவு, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவு, மொத்த மரணத்துல வித்தியாசம் இல்லைன்னும் இருந்தது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அப்ப 8 தானே, ஊதிப் பெருசாக்கிட்டாங்க"ன்னு இப்ப இணையத்துல ஒரு கூட்டம் பேசுது. அதையும் நான் ஏத்துக்க மாட்டேன். அன்னைக்கு அமெரிக்காவுல சுமார் 60 லட்சம் பெண்கள் இந்த இரட்டை ஹார்மோனை எடுத்துக்கிட்டிருந்தாங்க. 10,000-க்கு 8-ன்னா வருஷத்துக்கு 4,800 புற்றுநோய். நோயே இல்லாதவங்களுக்கு, நோயைத் தடுக்கக் கொடுத்த மருந்து அது! 2003-ல அமெரிக்காவுல மார்பகப் புற்றுநோய் விகிதம் 6.7 சதவீதம் குறைஞ்சது. பலர் மாத்திரையை விட்டதுதான் முக்கியக் காரணம்னு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. ஆக, ஒரு தனி மனுஷிக்குச் சின்ன எண், ஒரு நாட்டுக்குப் பெரிய எண். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை.

நிஜமான கோளாறு வேற இடத்துல இருந்தது. அந்த ஆய்வுல கலந்துக்கிட்டவங்க சராசரி வயசு 63. மூணுல ரெண்டு பேர் அறுபதைத் தாண்டினவங்க. ஏன்னா கேள்வியே இதய நோயைத் தடுக்குமாங்கிறதுதான். ஐம்பது வயசுல மாரடைப்பு அரிது, எண்ணிக்கை தேறாது. அதோட, கடுமையான எரிச்சல் இருக்கிறவங்க சேர வேண்டாம்னும் சொல்லியிருந்தாங்க. வெறும் மாத்திரை கிடைச்சா அவங்களால தாங்க முடியாது. சரியான முடிவுகள்தான், அந்தக் கேள்விக்கு. ஆனா பதிலைப் பயன்படுத்தினது யாரு மேல? 51 வயசுல, ராத்திரி தூங்க முடியாம மருத்துவர் முன்னாடி உட்கார்ந்திருந்த பெண் மேல. ஒரு சர்வர்ல டெஸ்ட் பண்ணிட்டு, வேற சர்வர்ல என்ன நடக்கும்னு அடிச்சுச் சொன்ன மாதிரி.

2004-ல, கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்கள்கிட்ட நடந்த இன்னொரு கிளை ஆய்வின் முடிவு வந்தது. அவங்க எடுத்தது ஈஸ்ட்ரோஜன் மட்டும். பக்கவாதம் கூடுது, ஆனா மார்பகப் புற்றுநோய் கூடலை, குறையுற பக்கம்தான் சாய்ஞ்சிருந்தது. 2007-ல வயசுவாரியா பிரிச்சுப் பார்த்தாங்க: மெனோபாஸ் வந்து பத்து வருஷத்துக்குள்ள தொடங்கினவங்களுக்கு இதய ஆபத்து கூடினதா தெரியலை. இந்தச் செய்திகளுக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு அளவு சத்தம் இல்லை. மாத்திரைப் பெட்டிமேல கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை 2003-லயே ஏறிடுச்சு. ரத்தத்துல மிகக் குறைவா கலக்குற பெண்ணுறுப்பு க்ரீம் டப்பாவுக்கும் அதே எச்சரிக்கை! அறுவை சிகிச்சையில முப்பத்தஞ்சு வயசுலயே சினைப்பையை இழந்தவங்களுக்கு இந்த ஹார்மோன் வேற கணக்கு, எலும்புக்கும் இதயத்துக்கும் அவசியமானது. அவங்களும் பயந்து விட்டாங்க. அந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானதை எடுக்கிறதா அமெரிக்க எஃப்டிஏ அறிவிச்சது 2025 நவம்பர்ல. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு.

ஆண்கள் பக்கம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அங்க பயமே இல்லை, விளம்பரம்தான். 2000-ல தோள்ல தடவுற டெஸ்டோஸ்டிரோன் ஜெல் வந்தது. "களைப்பா இருக்கா? லோ டியா இருக்கலாம்"ங்கிற பாணியில பிரசாரம். நாப்பது தாண்டின அமெரிக்க ஆண்கள்ல பயன்பாடு 2001-ல 0.81 சதவீதம், 2011-ல 2.91. அதுல சுமார் கால்வாசிப் பேர் முந்தின ஒரு வருஷத்துல ஹார்மோன் அளவைப் பரிசோதிக்கவே இல்லை. இதயத்துக்கு என்ன ஆகும்ங்கிற பெரிய சீட்டுக்குலுக்கல் ஆய்வின் முடிவு வந்தது 2023-ல. 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள், எல்லாரும் ஏற்கெனவே இதய நோயோ அதுக்கான ஆபத்தோ இருக்கிறவங்க, டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம் கூடலை. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் கொஞ்சம் கூடுச்சு. ஜிம்ல நண்பன் சொன்னான்னு ஊசி போட்டுக்கிற இருபத்தெட்டு வயசுப் பையனைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லலை. இதைக் கேட்டுட்டிருக்கிறவங்கள்ல ரெண்டு மூணு பேராவது அந்தப் பையன்தான்னு எனக்கு வர்ற மெசேஜ் சொல்லுது. வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் போனா மூளை விதைகளுக்குச் சிக்னல் அனுப்புறதை நிறுத்திடும், விந்தணு உற்பத்தி விழும். குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க ஊசிக்கு முன்னாடி சிறப்பு மருத்துவர்கிட்ட ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.

பெண்கள் பக்கம் கேள்வி எல்லாம் வயசுலதான் தொடங்கும்: எத்தனை வயசு, மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு, கர்ப்பப்பை இருக்கா, குடும்பத்துல மார்பகப் புற்றுநோய் இருக்கா, மாத்திரையா தோல்ல ஒட்டுற பட்டையா. 2002-ல டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த பலர்கிட்ட இந்த அஞ்சு கேள்வியை யாரும் கேட்கலை. உங்க வீட்டுல யாராவது மருத்துவர்கிட்ட போறதா இருந்தா, இதை எழுதிக் கொடுத்து அனுப்புங்க. இல்லை, கூடவே போங்க.

அடுத்த எபிசோடுல வோரோனாஃபும் அவரோட குரங்குகளும்.