எங்கே நின்றது?

சுத்துக்கேணியில் மகளிர் குழுவின் கணக்கைச் செல்போனில் பதிகிற என் அக்கா மகள், போன மாதம் அழாத குறையாகப் பேசினாள். "தொகையப் போடும்போதே ஆப் மூடிக்குது சித்தி. கேட்டா, நீதான் எதையாவது தப்பாத் தொட்டிருப்பேங்கிறாங்க. கட்டின பணம் கணக்குல ஏறல. நான் எடுத்துக்கிட்டேன்னு பேச்சு வருது."

பெண் தொட்டதால் பழுது என்பது பழைய தீர்ப்பு. கணினியின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினி பிழை செய்தது. கிரேஸ் ஹாப்பர் பணியாற்றிய குழு அது. நேரம் 15:45, பலகை எஃப், ரிலே எண் 70 என்று குறித்து, அங்கே சிக்கியிருந்த அந்துப்பூச்சியையும் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். எப்போது, எங்கே, என்ன தடயம் என்பதுதான் அதில் உண்டு. யார் குற்றம் என்பது இல்லை.

அப்பல்லோ விண்கலங்களுக்கு மென்பொருள் எழுதிய குழுவின் தலைவி மார்கரெட் ஹாமில்டன். அவருடைய சிறுமகள் ஒருநாள் ஒத்திகைக் கருவியின் பொத்தான்களை அழுத்த, பறக்கும் நடுவே ஏவுதலுக்கு முந்தைய நிரல் தொடங்கி எல்லாம் குலைந்தது. ஹாமில்டன் குழந்தையைக் குறை சொல்லவில்லை. மென்பொருளில் தடுப்பு வேண்டும் என்றார். பயிற்சி பெற்ற வீரர்கள் தவறமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்தது. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8-இல் ஜிம் லவல் அதே நிரலைத் தவறுதலாகத் தொடங்கினார். வழிகாட்டும் தரவுகள் அழிந்தன.

இன்றைய மென்பொருள் முறிந்தாலும் கேட்க வேண்டியவை அவைதாம்: எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, கடைசியாக என்ன செய்தோம், திரும்பச் செய்தால் திரும்ப நிற்கிறதா? நிரலின் எந்தப் பகுதி எதை அழைத்தபோது நின்றது என்ற வரிசையைக் கருவியே பதிந்து வைக்கவும் முடியும். அதற்கு 'ஸ்டாக் ட்ரேஸ்' என்று பெயர். "வேலை செய்யல" என்ற ஒரு சொல்லில் இதில் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பழி வந்து உட்காருகிறது.

"ஒரு நோட்டுல எழுதிட்டு வாடி" என்றேன். எழுதினாள். மூன்று நாள், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தொகையில் புள்ளி வைத்ததும் மூடியிருக்கிறது. இன்னொருத்தியின் போனிலும் அப்படியே. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது: "ஆப்பின் பதிப்பு எண் என்ன?"

பிழை இன்னும் சரியாகவில்லை. ஆனால் அடுத்த குழுக் கூட்டத்தில் அவள் நோட்டை நடுவில் விரித்து வைத்தாள். அன்று யாரும் அவளைச் சந்தேகமாகக் கேட்கவில்லை.