ஹாரி க்ரோ பக்கும் பள்ளி ஆடுகளமும்

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் தடுப்பை உடைத்து முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கல்லூரிகளில் வேரூன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1890இல் அதற்கென அணி திரட்டிப் பயிற்றியவர் அமோஸ் அலான்சோ ஸ்டாக். அவ்வணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே, பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென 1891 டிசம்பரில் கூடைப்பந்தை வகுத்தளித்தார். அதே பள்ளியில் பின்னாளில் பயின்ற ஹாரி க்ரோ பக்கோ 1919இல் இந்தியாவுக்கு வந்து, மறு ஆண்டே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

அதுவரை பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது, படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இடும் கட்டளைக்கு மாணவர்கள் வரிசையாக நின்று கைகால் அசைக்கும் 'டிரில்' என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றிருந்தது. உடலமைப்பு, உடலின் இயக்கம், கற்பிக்கும் முறை, ஆட்ட விதி ஆகியவற்றை முறையாகப் பயின்றவரே ஆடுகளத்தில் ஆசிரியராக நிற்க வேண்டும் என்பது பக்கின் உறுதி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவர் பயிற்றி அழைத்துச் சென்ற இந்திய அணியில், அன்றைய சென்னை மாகாணத்துக் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டார். பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை. எனினும் அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. பக்கைப் பற்றிய குறிப்புகள் இவ்விடத்திலேயே நின்றுவிடுவது அவருக்கு நேரும் குறை, ஏனெனில் அவருடைய பெரும்பணி விளையாட்டு வீரர்களைக் காட்டிலும் ஆசிரியர்களை உருவாக்கியதே ஆகும்.

அப்பணியின் பயனை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களின் பள்ளிகளில் காணலாம். அவர் காலத்தில் ராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கும் இவ்வூர்களில், அருகமைந்த சில பள்ளிகள் தம்முள் மோதும் குறுவட்டப் போட்டி நெருங்கும்போது, உடற்கல்வி ஆசிரியர், மாணவர் வழக்கில் 'பி.டி. வாத்தியார்', கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கபடிக் களத்தின் நடுக்கோட்டையும் போனஸ் கோட்டையும் இடுவதும், தொடுகை செல்லுமா என்ற பூசலை விசில் ஊதி விதிப்படி தீர்ப்பதும் வழக்கம். அப்பணியில் அமர உடற்கல்வியில் பட்டயமோ பட்டமோ இன்று கட்டாயத் தகுதி. பக் 1943இல் மறைந்தார். அத்தகுதிக்கு வழிகோலிய அவரது கல்லூரி சென்னை நந்தனத்தில் இன்றும் ஆசிரியர்களைப் பயிற்றி வருகிறது.