நிலக்கரியில் ஓடும் சிறிய புகையிரத எஞ்சின்: எது சுருங்கும், எது சுருங்காது?

மேசையில் தூக்கி வைக்கக்கூடிய ஒரு புகையிரத எஞ்சின். உள்ளே நிலக்கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது. பின்னால் கொழுவிய தட்டை வண்டியில் ஒரு பெரியவர் இருந்து, சின்னக் கரண்டியால் கரி போட்டபடி ஓட்டிச் செல்கிறார். பற்றரியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பிரித்தானியாவில் வீட்டுப் பட்டறைகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவை செய்யப்படுகின்றன. இதற்கென்றே ‘மொடல் எஞ்சினியர்’ என்ற சஞ்சிகை 1898 இல் தொடங்கியது.

சிறிய எஞ்சினுக்கு ஸ்பிரிட் விளக்கே போதும், நிலக்கரி சரிவராது என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1920களில் அதை உடைத்தவர் ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதியவர். இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் அவரது ‘ஆயிஷா’, நிலக்கரியை எரித்து ஆளையே இழுத்துக் காட்டியது. பிறகு, சிறிய லேத் மட்டுமே வைத்திருப்பவரும் செய்யக்கூடியதாக ‘டிச்’ என்ற மூன்றரை அங்குலப் பாதை எஞ்சினை வடிவமைத்தார். இன்றும் பலருக்கு முதல் எஞ்சின் அதுதான்.

மூன்றரை அங்குலப் பாதை என்றால் வழக்கமாக 16 இல் ஒரு பங்கு அளவு. நீளம் 16 இல் ஒன்றாகும்போது கனவளவு 4096 இல் ஒன்றாகிவிடும். 70 தொன் எஞ்சின் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 17 கிலோ. நெருப்பும் தண்ணீரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பெரிய கொதிகலனில் இரண்டு அங்குலமாக இருக்கும் புகைக்குழாயை அப்படியே சுருக்கினால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. சாம்பல் உடனே அடைத்துவிடும். ஆகவே எண்ணிக்கையைக் குறைத்து, குழாயை அகலமாக வைக்கிறார்கள். நீர்மட்டக் கண்ணாடியும் அப்படித்தான். மெல்லிய குழாயில் தண்ணீர் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு ஏறி நின்று பொய் மட்டம் காட்டும். நெருப்பறையின் கூரைக்கு மேல் தண்ணீர் வற்றினால் அந்தச் செப்புத் தகடு சூடேறி இளகி உள்ளே இடிந்துவிடும். அந்த நேரத்தில் எஞ்சினை ஓட்டுபவர் அதற்கு ஒரு முழம் தூரத்தில்தான் இருப்பார்.

கொதிகலன்தான் முழு வேலையின் உயிர். செப்புத் தகட்டை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி மென்மையாக்கி, அச்சின் மேல் வைத்து விளிம்பை அடித்து மடக்க வேண்டும். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். மறுபடி காய்ச்ச வேண்டும். மூட்டுகளுக்கு ஈயப் பற்று உதவாது, அது 200 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகிவிடும். 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசுதான் வேண்டும். செம்பு வெப்பத்தை நாலாபுறமும் இழுத்துக்கொள்வதால் நகைப்பட்டறை ஊதுகுழலால் இது முடியாது. பெரிய வாயுச் சுடர் தேவை. பழைய பற்றாசுகளில் கட்மியம் கலந்திருந்தது, அதன் புகை நஞ்சு. பழைய பெட்டிகளில் கிடைக்கும் கம்பியை ஆராயாமல் எடுத்துப் பாவிக்கக் கூடாது.

செய்து முடித்ததும் நெருப்பு மூட்டுவதில்லை. முதலில் கொதிகலனைக் காற்றில்லாமல் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குப் பம்ப் செய்வார்கள். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தலில் ஓடப்போகும் எஞ்சினுக்கு 160. தண்ணீர் அநேகமாக அமுங்காது. மூட்டு விட்டுப்போனால் சிறிது ஒழுகும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்றாலோ நீராவியாலோ சோதித்தால் அதே பிழை வெடிப்பாகும். அதன்பின், நெருப்பு பலமாக எரியும்போதும் பாதுகாப்பு வால்வு அழுத்தத்தை எல்லைக்குள் நிறுத்துகிறதா என்று பார்ப்பார்கள். பிரித்தானியக் கழகங்களில் இந்தச் சான்றிதழ் இல்லாமல் தண்டவாளத்தில் ஏறவே முடியாது. சரியான ஏற்பாடு.

நுணுக்க வேலைப்பாடு அதற்குப் பிறகு. ஒரு அங்குல ரிவெட் தலை பதினாறில் ஒரு அங்குலமாகும். பக்கத் தகடுகளில் நூற்றுக்கணக்கில் வரிசை பிசகாமல் வரவேண்டும். இதற்கு ஞாபகம் போதாது, தொழிற்சாலை வரைபடம் வேண்டும். இலங்கைக்கு எஞ்சின்கள் செய்து அனுப்பிய பேயர் பீக்கொக் நிறுவனத்தின் ஆவணங்கள் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1990 இலிருந்து 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வராத காலத்தில் வளர்ந்த எங்களுக்குத் தண்டவாளம் என்றால் பதுங்குகுழிக் கூரையில் கிடந்த இரும்பு. அதன் இடைவெளி ஐந்தரை அடி என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தோம். அந்த ஐந்தரை அடியை 16 ஆல் வகுத்தால் நான்கே எட்டில் ஒரு அங்குலம் வரும். வெளிநாட்டுக் கழகங்களின் மூன்றரை அங்குலப் பாதையிலும் ஐந்து அங்குலப் பாதையிலும் அது நிற்காது. நம் எஞ்சின் ஒன்றைச் செய்ய விரும்புபவர், ஐந்து அங்குலப் பாதைக்காக முழு வரைபடத்தையும் 13.2 இல் ஒரு பங்காகத் திரும்பக் கணக்கிட வேண்டும்.