அனோமலோகாரிஸ்: ஒரு தொல்கடல் விலங்கின் வகைப்பாட்டு வரலாறு

அனோமலோகாரிஸ் என்பது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலக் கடல்களில் நீந்தித் திரிந்த ஓர் இரைகொல்லி விலங்கு. இதன் புதைபடிவம் 1892 ஆம் ஆண்டிலேயே பெயர் பெற்றுவிட்டது. ஆனால் அது எப்படிப்பட்ட விலங்கு என்று அறிய மேலும் 93 ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் அதன் கை ஓர் இறாலாகவும், அதன் உறவு விலங்கொன்றின் வாய் ஜெல்லி மீனாகவும், உடல் கடல் அட்டையாகவும் அருங்காட்சியக அலமாரிகளில் தனித்தனியே கிடந்தன. இவற்றை ஒன்று சேர்த்ததில் புதிய அகழ்வைவிடப் பழைய மாதிரிகளின் மறுஆய்வுக்கே பங்கு அதிகம்.

தலையில்லாத இறால்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் ஸ்டீபன் மலை உள்ளது. 1886 இல் கனடா நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மெக்கானல் அங்கே ஏராளமான டிரைலோபைட் புதைபடிவங்களைச் சேகரித்தார். அவற்றோடு, வளைந்த, கணுக்களாகப் பிரிந்த, கீழ்ப்புறம் முட்கள் கொண்ட சில துண்டுகளும் கிடைத்தன.

1892 இல் ஜோசப் ஒயிட்டீவ்ஸ் இவற்றை ஆராய்ந்து, இறால் போன்ற ஓர் உயிரியின் உடற்பகுதி என்று முடிவு செய்தார். தலை எந்த மாதிரியிலும் இல்லை. மற்ற இறால்களோடு ஒத்துப்போகாததால் 'விந்தையான இறால்' என்று பொருள்படும் அனோமலோகாரிஸ் என்ற பெயரைச் சூட்டினார். கையில் இருந்த துண்டுகளைப் பார்க்கும் எவருக்கும் அதுவே இயல்பான முடிவாகத் தோன்றியிருக்கும்.

வால்காட்டின் கண்டுபிடிப்பு

1909 ஆகஸ்ட் இறுதியில், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலரான சார்லஸ் வால்காட், அதே வட்டாரத்தில் பர்ஜெஸ் ஷேல் எனப்படும் களிப்பாறைப் படிவைக் கண்டார். சேற்றுப் பெருக்கில் திடீரெனப் புதைந்த உயிரிகள் அதில் இருந்தன. ஓடுகளுடன் மென்மையான உடற்பாகங்களும் பதிவாகியிருந்தன. வால்காட் பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே சென்று 65,000 அளவில் மாதிரிகளைச் சேகரித்தார்.

1911 இல் அவர் அவற்றுள் இரண்டுக்குப் பெயரிட்டார். நடுவில் துளையுள்ள, அன்னாசி வில்லை போன்ற வட்டப் படிவம் பெய்டோயா எனும் ஜெல்லி மீன் ஆயிற்று. நீண்ட, மங்கலான உடற்படிவம் லகானியா எனும் கடல் அட்டை ஆயிற்று. வால்காட்டுக்கு நிர்வாகப் பொறுப்புகள் மிகுதி. 1927 இல் அவர் மறையும்வரை இவற்றை விரிவாக மீளாய்வு செய்ய அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. கிடைத்தவற்றை எல்லாம் தெரிந்த வகுப்புகளுக்குள் அடக்குவதே அக்கால வழக்கமாகவும் இருந்தது.

மறுஆய்வு

1966, 1967 ஆம் ஆண்டுகளில் கனடா நிலவியல் ஆய்வகம் அந்த அகழ்விடத்தை மீண்டும் திறந்தது. ஆய்வுப் பொறுப்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி விட்டிங்டனிடம் வந்தது. டிரைலோபைட் ஆய்வில் பெயர் பெற்றவர் அவர். டெரிக் பிரிக்ஸ், சைமன் கான்வே மோரிஸ் என்ற இரு மாணவர்கள் அவருடன் இணைந்தனர்.

இந்தப் படிவங்கள் பாறைமேல் ஒட்டிய ஒற்றைப் படலம் போலத் தோன்றினாலும், உடலின் அடுக்குகளுக்கு இடையே நுண்ணிய சேறு புகுந்திருப்பதை விட்டிங்டன் கவனித்தார். எனவே சிறு துளைக் கருவியாலும் ஊசியாலும் மேலடுக்கை நீக்கி, அடியில் உள்ள உறுப்பைக் காண முடிந்தது. பாறை பிளந்தபோது இரு பக்கமும் பதிந்த படிவங்களை இணைத்துப் பார்த்தார்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் நசுங்கிய மாதிரிகளை ஒப்பிட்டு முப்பரிமாண உருவத்தை வரைந்தார்கள்.

இவ்வாறு அவர் ஆராய்ந்த ஓபாபினியா என்ற உயிரிக்கு ஐந்து கண்களும், தலையின் முன்னால் நீண்ட துதிக்கை போன்ற உறுப்பும் இருந்தன. 1972 இல் அதன் படத்தை அறிஞர் கூட்டம் ஒன்றில் காட்டியபோது அவையில் சிரிப்பு எழுந்தது. 1975 இல் அவரது விரிவான கட்டுரை வெளிவந்தது. அந்த உருவம் இன்று ஏற்கப்பட்ட ஒன்று.

துண்டுகள் சேர்ந்தன

1979 இல் பிரிக்ஸ், அனோமலோகாரிஸ் 'உடலில்' குடலின் தடயமே இல்லை என்பதைக் கண்டு, அது பெரிய கணுக்காலி ஒன்றின் உறுப்பு மட்டுமே என்றார். அதற்கு முந்தைய ஆண்டில் கான்வே மோரிஸ், லகானியாவின் முனையில் பெய்டோயா இருப்பதைக் கவனித்திருந்தார். ஒரு கடற்பஞ்சின் மேல் ஜெல்லி மீன் தற்செயலாகப் படிந்தது என்று அதை விளக்கினார்.

பின்னர் விட்டிங்டன் ஒரு பெரிய மாதிரியின் மேலடுக்கை நீக்கியபோது, தலையின் அடியில் அனோமலோகாரிஸ் எனப்பட்ட முள்ளுறுப்பு வெளிப்பட்டது. பழைய மாதிரிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. 'இறால்' என்பது இரையைப் பற்றும் கை. 'ஜெல்லி மீன்' என்பது தகடுகள் சூழ்ந்த வாய். 'கடல் அட்டை' என்பது உடல். 1985 இல் விட்டிங்டனும் பிரிக்ஸும் இதை வெளியிட்டு, கேம்பிரியன் காலத்தின் மிகப் பெரிய விலங்கு இதுவே என்றனர். அறியப்பட்ட எந்தத் தொகுதியிலும் இது சேராது என்பதும் அவர்கள் கருத்து.

மீண்டும் பிரிந்தன

அத்துடன் கதை முடியவில்லை. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தின் டெஸ்மண்ட் காலின்ஸ், முழுமையான மாதிரிகளைக் கொண்டு, 1985 இல் ஒரே பேரினமாகக் கருதப்பட்டதில் இரண்டு இருப்பதை 1996 இல் காட்டினார். இவ்வகை விலங்குகளை ரேடியோடோன்டா என்ற வரிசையில் வைத்து, கணுக்காலிகளோடு சேர்த்தார். 2009 இல் ஆலிசன் டேலி குழுவினர், வால்காட் 1912 இல் பெயரிட்ட ஹர்டியா என்ற ஓடு, இதே வரிசையைச் சேர்ந்த இன்னொரு விலங்கின் தலைக்கவசம் எனக் கண்டனர். அதன் பிற உறுப்புகளும் அலமாரிகளில் வேறு பெயர்களில் சிதறிக் கிடந்தன.

2012 இல் டேலியும் யான் பெர்க்ஸ்ட்ரோமும் வாய்ப்பகுதியை ஆராய்ந்தனர். பெய்டோயா வாயில் உள்ள 32 தகடுகளில் நான்கு பெரியவை. அனோமலோகாரிஸ் வாயிலோ பெரிய தகடுகள் மூன்றுதான். ஆகவே புகழ்பெற்ற அந்த வட்ட வாய் அனோமலோகாரிஸுடையது அன்று. 'ஜெல்லி மீனும்' 'கடல் அட்டையும்' சேர்ந்த தனி விலங்குக்கு இன்று பெய்டோயா என்றே பெயர்.

வகைப்பாட்டில் இதன் இடம்

பூச்சி, நண்டு, சிலந்தி, பூரான் ஆகியவை கணுக்காலிகள். புறக்கூடு, கணுக்களாகப் பிரிந்த உடல், மூட்டுள்ள கால்கள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். அனோமலோகாரிஸுக்கு மூட்டுள்ள கைகள் தலையில் இருந்தன, கூட்டுக்கண்களும் இருந்தன. ஆனால் நடக்கும் கால்கள் இல்லை. உடலின் இருபுறமும் இருந்த மடல்களை அசைத்து நீந்தியது.

ஆகவே இன்றைய கணுக்காலிகள் அனைத்துக்கும் பொதுவான மூதாதை தோன்றுவதற்கு முன்பே கிளைத்துச் சென்ற பக்கக் கிளையாக இதைக் கருதுகின்றனர். அதாவது, இன்றைய நண்டுக்கு இது பாட்டன் முறை ஆகாது. பாட்டனின் பங்காளி எனலாம். கணுக்காலிகளின் அடையாளங்கள் ஒரே நாளில் தோன்றவில்லை, ஒவ்வொன்றாகச் சேர்ந்தன என்பதற்கு இதுவே நேரடிச் சான்று. விலங்கினங்களில் பெரும்பான்மையாக உள்ள ஒரு தொகுதியின் தொடக்கத்தை அறிய, தவறாகப் பெயரிடப்பட்ட இந்தத் துண்டுகள்தாம் உதவின.

மாணவர்கள் இதில் ஒன்றைக் கருத வேண்டும். ஒயிட்டீவ்ஸும் வால்காட்டும் கான்வே மோரிஸும் கவனக்குறைவானவர்கள் அல்லர். இருந்த சான்றுக்கு ஏற்ற முடிவையே சொன்னார்கள். அவர்கள் மாதிரிகளைப் பத்திரப்படுத்தி, கண்டதைத் துல்லியமாக எழுதிவைத்ததால்தான் பின்வந்தவர்களால் திருத்த முடிந்தது. பெயர்ச்சீட்டு மாறலாம், மாதிரி கைவசம் இருக்கும்வரை அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.